வியன்னாவின் வெள்ளைச் சட்டையும் கணினியின் ஒற்றை வயரும்

போன இதழில் ‘ஜொனி கிற்றார்’ பற்றி அரைப்பக்கம் எழுதியிருந்தோம். 1954இல் நிக்கலஸ் ரே இயக்கிய கௌபோய்ப் படம். ஆனால் இடுப்பில் துப்பாக்கியோடு கதையை நடத்துவது ஜோன் குறோஃபோர்ட் நடித்த வியன்னா என்ற சலூன்காரி. அந்த அரைப்பக்கத்துக்கு வந்த கடிதங்களே மேசையை நிறைத்துவிட்டன. இம்முறை வேறு படத்துக்கு இடமில்லை.

படம் இன்னும் பார்க்கவில்லை. முடிவைச் சொல்லாமல் கதையைச் சொல்லுங்கள். மகளிர் தினத்துக்கு எங்கள் சனசமூக நிலையத்தில் போடலாமா? பிள்ளைகளும் வருவார்கள்.
– வாசகி, கோண்டாவில்

ஊருக்கு வெளியே, பாறையோடு ஒட்டிக் கட்டிய சலூன் வியன்னாவுடையது. உள்ளே ஈயாடவில்லை. அதைப் பற்றி அவளுக்குக் கவலையும் இல்லை. ரயில்பாதை அவள் காணிப் பக்கமாக வரப்போவது அவளுக்கு முதலே தெரியும். 2014இல் யாழ்தேவி திரும்ப யாழ்ப்பாணம் வந்ததைப் பார்த்தவர்களுக்கு, தண்டவாளக் கரையில் காணி வைத்திருப்பதென்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை. ஊரிலுள்ள மாட்டுப்பண்ணைக்காரருக்கு ரயில் பிடிக்காது. ரயிலோடு சனம் வரும், சனத்தோடு வேலி வரும், வேலி வந்தால் மாடு மேய இடமில்லை. அவர்களைத் தூண்டிவிடுகிறவள் எம்மா ஸ்மோல் (மேர்சிடிஸ் மக்கேம்பிரிட்ஜ்). வண்டிக் கொள்ளையில் அவளுடைய சகோதரன் செத்துப்போக, பழியை ஒரு கூட்டத்தின் தலையிலும் வியன்னாவின் தலையிலும் சேர்த்துப் போடுகிறாள். 24 மணித்தியாலத்துக்குள் வியன்னா ஊரைவிட்டுப் போகவேண்டும். அதே இரவு கிற்றாரோடு ஒருவன் வந்திறங்குகிறான். அவன் அவளுடைய பழைய ஆள், ஜொனி.

பெரியவர்களுக்குத் தாராளமாகப் போடலாம். பிள்ளைகள் விஷயத்தில் கவனம். ஓர் இளம்பெடியனைத் தூக்கிலிடும் இடம் இருக்கிறது. இரத்தம் காட்டுவது குறைவுதான், ஆனால் அவன் கெஞ்சுவதைக் கேட்பது பெரியவர்களுக்கே கடினம். 12 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைக் கூப்பிடவேண்டாம்.

படம் 110 நிமிடம். முதல் மூன்றிலொரு பங்கு கிட்டத்தட்ட ஒரே சலூனுக்குள், ஒரே இரவில், வாய்ச்சண்டையாகவே போகும். குதிரை ஓடும் என்று வந்தவர்கள் அதற்குள் எழும்பிப் போய்விடுவார்கள். ‘முதல் அரை மணித்தியாலம் நாடகம், பிறகுதான் குதிரை’ என்று தொடக்கத்திலேயே சொல்லிவையுங்கள். இடைவேளை கட்டாயம் வேண்டுமென்றால், வங்கிக் கொள்ளை முடிந்து, ரயில்பாதைக்கு வைத்த வெடியால் கணவாய் அடைபடுகிற இடத்தில் விடுங்கள். அதற்குப் பிறகு படம் மூச்சுவிட இடம் தராது. பியானோக் காட்சிக்கு முன்னால் பிளேன்ரீ கொடுக்கிற தவறை மட்டும் செய்யாதீர்கள்.

பொதுமக்களை அழைத்துக் காட்டுவதென்றால் உரிமையாளரின் அனுமதி வேண்டும். கடையில் வாங்கிய தட்டு வீட்டில் பார்க்கத்தான். இலவசமாகக் காட்டினாலும் அதுதான் நிலை.

மண்டபம் 40 அடி நீளம், 20 அடி அகலம், தட்டையான தரை, பிளாஸ்டிக் கதிரை 60. எவ்வளவு பெரிய திரை, எப்படிப்பட்ட புறொஜெக்டர்?
– சனசமூக நிலையச் செயலாளர், சாவகச்சேரி

8 அடி அகலம், 4½ அடி உயரம் போதும். அதற்கு மேல் ஆசைப்பட்டால் வெளிச்சம் பரந்து மங்கிவிடும். இரட்டைப் படுக்கைத் துணியைத் தொங்கவிடுவது வழமை. ஆனால் வெளிச்சத்தில் பெரிய பங்கு துணிக்கூடாகப் பின்னால் போய்விடும். துணிதான் என்றால் அதன் பின்னால் ஒரு கறுப்புத் துணியை ஒட்டித் தைத்துவிடுங்கள். அதைவிட நல்லது, சுவரில் பளபளப்பில்லாத வெள்ளை எமல்ஷன் இரண்டு பூச்சு. பளபளக்கிற பெயின்ற் அடித்தால் நடுவில் ஒரு வெளிச்சப் பொட்டு நிற்கும், வியன்னாவின் முகம் அதற்குள் போய்விடும். நான்கு பக்கமும் 3 அங்குலக் கறுப்புக் கரை வைத்தால் அதே புறொஜெக்டரின் படம் கூர்மையாகத் தெரியும்.

திரையின் கீழ்விளிம்புதான் பலரும் பிழைவிடுகிற இடம். தட்டையான தரையில் கதிரையில் இருப்பவரின் தலை ஏறத்தாழ 4 அடி உயரத்தில் நிற்கும். திரை 3 அடியில் தொடங்கினால் படம் தெரியும், உபதலைப்பு முன்னாலிருப்பவரின் கொண்டைக்குள் போய்விடும். கீழ்விளிம்பை 5 அடிக்கு உயர்த்துங்கள். கூரை பதிவென்றால் உபதலைப்பை மேலே போடுங்கள். வீ.எல்.சி மென்பொருளில், உபதலைப்பு அமைப்பில், அதன் இடத்தை மாற்றலாம்.

புறொஜெக்டரை வாடகைக்கு எடுக்கும்போது ‘எத்தனை லூமன்’ என்று கேட்டால் 9000 என்றும் சொல்வார்கள். ‘அன்சி லூமன் எத்தனை’ என்று கேளுங்கள், அதுதான் முறைப்படி அளந்த வெளிச்சம். மலிவான எல்.ஈ.டி. பெட்டிகளில் அது 300ஐத் தாண்டுவதே அரிது. அது 5 அடித் திரைக்கும் கும்மிருட்டுக்கும்தான் சரி. உங்கள் திரைக்கு 2000 அன்சி லூமனாவது வேண்டும், 3000 என்றால் நிம்மதி. தூரக் கணக்கு சுலபம்: கைநூலில் எறிவிகிதம் 1.5 என்றிருந்தால், 8 அடி அகலத் திரைக்கு 12 அடி தள்ளி வைக்கவேண்டும். அதாவது புறொஜெக்டர் மண்டபத்தின் கடைசியில் அல்ல, முதல் வரிசைக்குப் பக்கத்தில் நிற்கும். அதற்கு ஒரு மேசையும், காலில் தட்டாமல் வயருக்கு ஒரு வழியும் விட்டுத்தான் கதிரை அடுக்கவேண்டும். முதல் வரிசை திரையிலிருந்து 12 அடிக்குக் கிட்ட வரவேண்டாம்.

மார்ச் மாதம் இங்கே சூரியன் 6.20 அளவில் மறையும். 7 மணிக்கு முன் தொடங்கினால் மேற்கு யன்னல் உங்களைக் காட்டிக்கொடுக்கும். படம் முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிடாதீர்கள். குமிழ் வைத்த புறொஜெக்டரென்றால் உள்ளே விசிறி ஓடிக் குளிர 2, 3 நிமிடம் வேண்டும். இந்த அவசரத்தால் குமிழின் ஆயுள் குறையும்.

ஒத்திகைக்குப் போட்டுப் பார்த்தோம். லப்ரொப்பில் சத்தம் தெளிவு. ஒலிபெருக்கியில் கொழுவினால் கதைக்கிறது கேட்கவே இல்லை, இரைச்சல் மட்டும். வேறு புதுப்படம் போட்டால் பாட்டுக் கேட்கிறது. இந்தப் படத்தின் பிரதி பழுதா?
– வாசகர், சுன்னாகம்

பிரதி சுத்தம். பிழை வயரில்.

இந்தப் படம் ஒற்றை ஒலித்தடத்தில் எடுத்தது. ஆகவே இடது, வலது இரண்டு பக்கமும் அச்சொட்டாக ஒரே ஒலிதான் வரும். லப்ரொப்பின் ஹெட்ஃபோன் துவாரத்திலிருந்து வரும் வயரின் மூன்று பகுதிப் பிளக்கை நேரே மிக்சரின் மைக் வழிக்குள் செருகியிருப்பீர்கள். அந்த வழி ஒரு பக்க ஒலியிலிருந்து மற்றப் பக்கத்தைக் கழித்துப் பார்க்கும். மைக் வயரில் ஏறுகிற இரைச்சலை அழிப்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் கழித்த மிச்சம் என்ன? பூச்சியம். புதுப்படத்தில் இசை இரண்டு பக்கமும் வேறுவேறாக இருப்பதால் மிச்சம் கொஞ்சம் கேட்கிறது. அதிலும் வசனத்தைக் கவனித்துப் பாருங்கள், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும்.

ஒரு பக்கம் சின்ன ஹெட்ஃபோன் பிளக்கும் மறுபக்கம் இரண்டு தனித்தனிப் பிளக்குமாகப் பிரிகிற வயரை வாங்குங்கள். அந்த இரண்டில் ஒன்றை மட்டும் மிக்சரில் கொழுவினால் போதும். ஒற்றைத் தடப் படத்துக்கு மற்றது தேவையே இல்லை. மைக் வழியில் அல்ல, ‘லைன்’ என்று எழுதிய வழியில் செருகுங்கள். அதன் பிறகும் ‘ம்ம்’ என்று தொடர்ந்து ஒரு முனகல் கேட்டால் லப்ரொப்பின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். முனகல் நின்றால் அது நிலத்தொடுப்பின் சுற்று. படம் முழுக்க மின்கலத்தில் ஓடவிடுங்கள், அல்லது இரண்டு கருவியையும் ஒரே சுவர்ப் பிளக்கிலிருந்து எடுங்கள். நிலக்கம்பியை வெட்டிவிடுகிற ‘வைத்தியம்’ வேண்டாம், அது ஆளைக் கொல்லும்.

கடைசியாக, பேஸைக் குறையுங்கள். கோயில் திருவிழாவுக்கு வைத்த அளவிலேயே விட்டால் வெடிச்சத்தம் மண்டபத்தை ஆட்டும், மக்கேம்பிரிட்ஜின் குரல் புதைந்துபோகும். அந்தக் குரல்தான் இந்தப் படத்தில் சரிபாதி.

ஆங்கில வசனத்தைப் பார்த்துத் தமிழ் உபதலைப்பு எழுதுகிறோம். மூன்று சிக்கல். பாமினியில் தட்டியது திரையில் ஆங்கில எழுத்துக் குப்பையாக வருகிறது. போகப்போக வசனம் பிந்துகிறது. எல்லாவற்றையும்விட, யார் யாரை ‘நீ’ என்பது, யார் யாரை ‘நீங்கள்’ என்பது?
– மொழிபெயர்ப்பு மாணவி, திருநெல்வேலி

முதலாவது சின்னது. பாமினியில் நீங்கள் தட்டுவது உண்மையில் ஆங்கில எழுத்து, அதற்குத் தமிழ் முகமூடி போட்டிருக்கிறார்கள். படம் ஓட்டும் மென்பொருளுக்கு முகமூடி தெரியாது. எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோட்டாக்கி, எஸ்.ஆர்.ரி. என்ற உபதலைப்புக் கோப்பை யூ.ரி.எஃப்-8 ஆகச் சேமியுங்கள். கோப்பின் பெயரும் படத்தின் பெயரும் ஒன்றாக இருந்தால் வீ.எல்.சி தானே எடுத்துக்கொள்ளும். நேரக் குறியில் விநாடிக்கும் மில்லிவிநாடிக்கும் நடுவே காற்புள்ளி வரவேண்டும். முற்றுப்புள்ளி போட்டால் சில கருவிகள் அந்த வசனத்தையே விழுங்கிவிடும். ரி.வி.யில் யூ.எஸ்.பி. செருகி ஓட்டும் எண்ணமிருந்தால் முதலே சோதியுங்கள். பல ரி.வி.களில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், ‘கொ’ மூன்று துண்டாகும். அப்போது உபதலைப்பைப் படத்துக்குள்ளேயே பதித்துவிடுவதுதான் வழி.

இரண்டாவது, பிந்துவது. எல்லா வசனமும் ஒரே அளவு பிந்தினால் வீ.எல்.சியில் ‘ஜி’ விசையை அழுத்துங்கள், ஒவ்வோர் அழுத்தலுக்கும் 50 மில்லிவிநாடி முன்னுக்கு வரும். ‘எச்’ பின்னுக்குத் தள்ளும். உங்களுக்கு அப்படியல்ல, போகப்போகக் கூடுகிறது என்கிறீர்கள். படம் எடுத்தது விநாடிக்கு 24 சட்டம் (பிறேம்). நமது பக்கத்து ரி.வி. முறைக்கான தட்டுகளில் அதையே 25 சட்டமாக ஓட்டுவார்கள். 110 நிமிடப் படம் 105 நிமிடம் 36 விநாடியில் முடிந்துவிடும், குரலும் ஒரு மயிரிழை உயரும். 24க்கு எழுதிய உபதலைப்பை அதற்குப் போட்டால் பத்து நிமிடத்துக்கு 24 விநாடி பிந்தும். ஒவ்வொன்றாகத் திருத்த இருந்துவிடாதீர்கள். ‘சப்டைட்டில் எடிற்’ என்ற இலவச மென்பொருளில் சட்டவேகம் மாற்றும் கட்டளை இருக்கிறது. 24ஐ 25 ஆக்கினால் ஒரே நொடியில் முடிந்த வேலை.

அதே மென்பொருள் உங்கள் வரிகள் நீளம் என்று சிவப்புக் காட்டும். பயப்படவேண்டாம். ‘பொய்’ நமக்கு இரண்டெழுத்து, அதற்கு நான்கு குறியீடு. திரைக்கு இரண்டு வரி, வரிக்கு 25 எழுத்துக்கு மேல் போகாமல், நம் கணக்கில் எண்ணி எழுதுங்கள். எவ்வளவு சின்ன வசனமும் ஒரு விநாடியாவது நிற்கவேண்டும், எவ்வளவு பெரியதும் ஆறு விநாடிக்கு மேல் நிற்கக்கூடாது. காட்சி வெட்டுகிற இடத்தைத் தாண்டி ஒரு வசனத்தை இழுக்காதீர்கள், கண் அதைப் புது வசனமென்று நினைத்துத் திரும்ப வாசிக்கும்.

இனி மூன்றாவது. இதில்தான் படம் நிற்கும் அல்லது விழும்.

கைப்பழக்கத்தில் எழுதினால் ஜொனி வியன்னாவை ‘நீ’ என்பான், வியன்னா அவனை ‘நீங்கள்’ என்பாள். நம் வீட்டுப் பழக்கம் அது. அப்படி எழுதிய அந்தக் கணமே படம் தலைகீழாகிவிடும். அவள் முதலாளி, அவன் சம்பளத்துக்கு வந்தவன். அவன் பெயரில் படம் இருக்கிறதே தவிர, வீடு அவளுடையது, காணி அவளுடையது, கட்டளை அவளுடையது. தமிழ்நாட்டில் எழுதுகிறவர்களுக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு இருக்கிறது: ‘நீர்’. சனத்துக்கு முன்னால் இருவரும் அந்நியர்போல ‘நீங்கள்’ என்றும், தனியே அகப்படும் இரவில் இருவரும் ‘நீர்’ என்றும் பேசட்டும். மாற்றம் நடக்கிற அந்த முதல் ‘நீர்’ வந்தவுடனேயே இவர்களுக்குள் பழைய கதை இருக்கிறதென்று சுன்னாகத்திலிருக்கும் ஆச்சிக்கும் விளங்கும்.

எம்மா வியன்னாவை எப்போதும் ‘நீ’. வியன்னா எம்மாவை ‘நீர்’. கோபத்திலும் அவள் இறங்குவதில்லை, அதுதான் எம்மாவைக் கொதிக்கவைக்கிறது. ஊர்ப்பெரியவர் மக்ஐவர்ஸ் வியன்னாவை ‘நீர்’ என்று தொடங்கிக் கும்பல் சேரச்சேர ‘நீ’க்கு இறங்கலாம். ரேர்க்கி என்ற பெடியன் அவளை ‘நீங்கள்’, அவள் அவனை ‘நீ’. அவனைத் ‘தம்பி’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். அவள்மேல் அவனுக்கிருக்கும் மயக்கம் அந்த ஒரு சொல்லோடு சரி.

இரவுக் காட்சியில் ஜொனி அவளிடம் பொய்யாவது சொல்லச் சொல்லிக் கேட்பான், இத்தனை வருடமும் தனக்காகக் காத்திருந்ததாக. ‘பொய்யாச் சொல்லும். இவ்வளவு வருசமும் காத்திருந்தனீர் எண்டு சொல்லும்.’ அவள் பதில்: ‘இவ்வளவு வருசமும் காத்திருந்தன்.’ இங்கே வடிவுக்காக ‘உமக்காகவே வாழ்ந்தேன்’ என்று மெருகு போட்டால் எல்லாம் கெட்டது. அவன் கொடுத்த சொல்லையே அவள் உணர்ச்சியில்லாமல் திருப்பிக் கொடுக்கிறாள். அவன் வாயில் எந்தச் சொல் வந்ததோ அதே சொல்தான் அவள் வாயிலும் வரவேண்டும். பொய்யென்று சொல்லிக்கொண்டே உண்மையைச் சொல்கிறாளா என்று பார்க்கிறவர் யோசிக்க இடம் கிடைப்பது அந்த ஒரே சொல்லில்தான்.

இன்னோரிடம்: சலூனில் வேலைசெய்கிறவன் முதலாளியைப் பற்றிக் கமெராவைப் பார்த்ததுபோலச் சொல்வது. ‘ஆம்பிளை மாதிரி யோசிக்கிறா, ஆம்பிளை மாதிரி நடக்கிறா. சிலநேரம் நான் ஆம்பிளை இல்லையோ எண்டு எனக்கே வருது.’ இங்கே ‘அவள்’ கூடாது, ‘அவ’தான். முறைப்பாடு சொன்னாலும் சம்பளம் தருகிறவளைப் பற்றிச் சொல்கிறான்.

எங்கள் ரி.வி.யில் எல்லோரும் கொழுத்துத் தெரிகிறார்கள், மலையெல்லாம் தோடம்பழ நிறம். வெளியே எடுத்த காட்சியில்கூட குறோஃபோர்ட்டின் முகம் வந்தால் பின்னால் படம் ஒட்டியதுபோல இருக்கிறது. எது ரி.வி.யின் பிழை, எது படத்தின் பிழை?
– வாசகர், மானிப்பாய்

கொழுப்பது ரி.வி.யின் பிழை. இந்தப் படம் அகலம் 1.37க்கு உயரம் 1 என்ற பழைய சதுரவாட்டிலும் 1.66க்கு 1 என்ற வாட்டிலும் கிடைக்கிறது. உங்கள் ரி.வி. 1.78. இடைவெளியை நிரப்ப அது படத்தை இழுக்கிறது. இழுப்பதை நிறுத்துங்கள், பக்கங்களில் கறுப்பு வரட்டும். சாவகச்சேரிக்காரரின் 8 அடித் திரையில் 1.66 படத்துக்குப் பக்கத்துக்கு 3 அங்குலக் கறுப்புத்தான் வரும், 1.37க்கு 11 அங்குலம். அசைவை வழுவழுப்பாக்கும் வசதியையும் நிறுத்துங்கள். அது இருந்தால் படம் மத்தியானச் சீரியலாகிவிடும்.

தோடம்பழத்தில் இருவருக்கும் பங்கு. இதை எடுத்தது ரூகலர் என்ற முறையில், ரிபப்ளிக் நிறுவனத்தின் சொந்த வர்ணம். 1946இல் இரண்டு வர்ணத்தோடு தொடங்கி, பிறகு மூன்று வர்ணத்துக்கு வந்தது. சாதாரணப் படங்களைவிட இதில் சிவப்பும் மஞ்சளும் எடுப்பாகவே இருக்கும். போதாததற்கு, படம் எடுத்த இடமான அரிசோனாவின் செடோனா மலைகள் உண்மையிலேயே செம்மண் நிறம். அதற்கு மேல் ரி.வி. ‘விவிட்’ நிலையில் இருந்தால் தோடம்பழம்தான். ‘சினிமா’ அல்லது ‘மூவி’ நிலைக்கும், வர்ண வெப்பத்தை ‘வோம்’ பக்கத்துக்கும் மாற்றுங்கள்.

அளந்து பார்க்க ஒரு காட்சி சொல்கிறோம். வியன்னா வெள்ளைச் சட்டையோடு பியானோ வாசித்துக்கொண்டிருப்பாள், பின்னால் சுவருக்குப் பதில் வெறும் பாறை. செத்தவீட்டிலிருந்து நேரே வந்த கும்பல் முழுக்கறுப்பில் எதிரே நிற்கும். அதில் நிறுத்துங்கள். சட்டையில் நீலம் தட்டினால் வர்ண வெப்பம் கூட. மஞ்சள் தட்டினால் குறைவு. சட்டையின் மடிப்புகள் தெரியாமல் வெள்ளையாக ஊதிப்போனால் ‘கொன்ட்ராஸ்ற்’ கூட. கறுப்புக்கோட்டுக்காரர்கள் ஒருவரோடொருவர் ஒட்டி ஒரே கறுப்புப் பாளமாகத் தெரிந்தால் ‘பிறைற்னஸ்’ குறைவு. சட்டை வெள்ளையாக, பாறை செம்பழுப்பாக, கோட்டுகள் வேறுவேறாகத் தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள். படம் முழுவதும் சரியாக இருக்கும்.

ஒட்டினதுபோல இருப்பது படத்தின் பிழை. குறோஃபோர்ட்டின் அருகாமைக் காட்சிகளில் பல ஸ்ரூடியோவுக்குள் எடுத்தவை, வெளிச்சத்தைத் தன் முகத்துக்கு ஏற்றபடி வைக்கலாமென்று அவர் விரும்பினார். தூரக் காட்சியில் வெயில் ஒரு பக்கமிருந்து வரும், முகம் வந்தவுடன் நிழல் இடம் மாறும். கவனித்துவிட்டால் பிறகு கவனிக்காமலிருக்க முடியாது, மன்னிக்கவும்.

இது வெறும் கௌபோய்ப் படமல்ல, அரசியல் படம் என்று என் நண்பர் அடித்துச் சொல்கிறார். எதை வைத்து?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பருத்தித்துறை

நண்பர் சொல்வதில் சரக்கிருக்கிறது. கதை கொஞ்சம் வெளியே வரும், பார்க்காதவர்கள் அடுத்த கேள்விக்குத் தாண்டுங்கள்.

அன்றைய ஹொலிவூட்டில் கம்யூனிஸ்டுகளைத் தேடியபோது, ‘உன் கூட்டாளி யார், பெயரைச் சொல், விட்டுவிடுகிறோம்’ என்பதுதான் விசாரணை. சொல்லாதவருக்கு வேலையில்லை. படத்தில் பிடிபட்ட ரேர்க்கியிடம் கும்பல் கேட்பதும் அதுவேதான்: வியன்னாவும் உங்களோடுதான் என்று சொல், உயிர் தருகிறோம். அவன் சொல்கிறான். அவர்கள் உயிர் தரவில்லை. அந்தக் கும்பலின் தலைவனாக வரும் வோர்ட் பொண்ட், நிஜத்தில் கம்யூனிஸ்ட் எதிர்ப்புத் திரைப்படக் கூட்டமைப்பின் முன்னணி ஆள். ஜொனியாக வரும் ஸ்ரேர்லிங் ஹேடன் 1951இல் விசாரணைக் குழுவின் முன் பெயர் சொன்னவர், பிறகு 1963இல் வெளிவந்த தன் நூலில் அதற்காக மனம் நொந்து எழுதினார். திரைக்கதை என்று பெயர் போட்டிருக்கும் பிலிப் யோடன், வேலை மறுக்கப்பட்ட எழுத்தாளர்களுக்குத் தன் பெயரை இரவல் கொடுத்தவர். இந்த மூவரும் ஒரே படத்தில் இருப்பதைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும்.

ஆனால் அதை மட்டும் சாவியாக வைத்துத் திறந்தால் எம்மா அகப்படமாட்டாள். அவளுடைய கோபத்தில் காணி ஒரு பங்கு, தான் விரும்புகிறவன் வியன்னாவை விரும்புவது ஒரு பங்கு. கும்பலிலுள்ள ஆண்கள் ஒவ்வொருவராகத் தயங்கிப் பின்வாங்குகிற இடத்திலெல்லாம் அவள் முன்னுக்குப் போகிறாள். சலூன் எரியும்போது வெளியே வருகிற அவள் முகத்தைப் பாருங்கள். அதிலே அரசியலைவிடப் பழைய ஏதோ ஒன்று இருக்கிறது.

அமெரிக்க விமர்சகர்கள் அன்று இதைப் பகிடி பண்ணினார்கள். பிரான்சில் ட்ருஃபோ போன்ற இளம் விமர்சகர்கள் தூக்கிப் பிடித்தார்கள். 2008இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் சேர்ந்துவிட்டது.

கல்லூரி நாடகப் போட்டிக்கு வியன்னாவின் உடை தைக்கவேண்டும். என்ன துணி, எவ்வளவு?
– வாசகி, நல்லூர்

தொடக்கத்தில் கறுப்புச் சேட், கழுத்தில் ஒடுக்கமான நாடா, களிசான், பூட்ஸ், துப்பாக்கிப் பட்டி. கடைசியில் மஞ்சள் சேட், கழுத்தில் சிவப்புத் துண்டு. மேடைக்கு இரண்டாவது எடுப்பு. நீளக்கைச் சேட்டுக்கு 45 அங்குல அகலத் துணி 2¼ மீற்றர், களிசானுக்கு 58 அங்குல அகலம் 1¼ மீற்றர். எலுமிச்சை மஞ்சள் வாங்காதீர்கள், மேடை விளக்கில் அது வெளிறிப் பால்நிறமாகிவிடும். மாம்பழ மஞ்சள் எடுத்தால் திரையில் கண்ட மஞ்சள் வரும். கழுத்துத் துண்டு 27 அங்குலச் சதுரம், மூலைக்கு மூலை மடித்துக் கட்டவேண்டும். பட்டியை றெக்சினில் 2½ அங்குல அகலத்தில் வெட்டி, இடையில் அல்ல, இடுப்பெலும்பில் தங்கவிடுங்கள். நடக்க நடக்கக் கழன்று விழும், ஆகவே களிசானின் பின்பக்கம் ஒரு கொளுக்கித் துண்டு தைத்துவிடுங்கள்.

உடையைவிட வரவு முக்கியம். கூத்தில் பாத்திரம் வரவுக்கு வந்துதானே தன்னைக் காட்டும்? வியன்னாவின் வரவு படிக்கட்டில். அவள் மேலே நிற்பாள், கும்பல் கீழே நிற்கும். மேடையில் படிக்கட்டுக்கு வழியில்லையென்றால் இரண்டு வாங்கை அடுக்கியாவது அவளை உயர்த்துங்கள். தரையில் நின்று வசனத்தைச் சொன்னால் எடுபடாது.

அந்தக் காலத்தில் உண்மையிலேயே பெண்ணுக்குச் சொந்தக் காணி இருந்ததா?
– வாசகர், அளவெட்டி

இருந்தது. 1862இன் குடியேற்றக் காணிச் சட்டத்தின் கீழ் மணமாகாத பெண்ணும் விதவையும் 160 ஏக்கர் வரை கேட்கலாம். வயோமிங்கில் 1869இலேயே பெண்களுக்கு வாக்குரிமை வந்துவிட்டது. களிசான் போட்டதுதான் அபூர்வம்.

இதைப் பார்த்து முடித்தோம். அடுத்து எதைத் தேடுவது?
– வாசகி, கொக்குவில்

‘வன்ஸ் அப்பொன் எ ரைம் இன் த வெஸ்ற்’ (1968). ரயில் வரப்போகும் காணி, அதில் தனித்து நிற்கும் பெண், அவள் கிளோடியா கார்டினாலே. இயக்குநர் லெயோனி ‘ஜொனி கிற்றாரை’ எவ்வளவு ஆழ்ந்து பார்த்திருக்கிறார் என்பது வரிக்கு வரி தெரியும். அடுத்தது சாமுவேல் ஃபுல்லரின் ‘ஃபோர்ட்டி கன்ஸ்’ (1957), பார்பரா ஸ்ரான்விக் நாற்பது குதிரைவீரர்களுக்குத் தலைவி. கறுப்பு வெள்ளை, ஆனால் அகலத்திரைப் படம். 8 அடித் திரையில் மேலும் கீழும் ஆறேழு அங்குலம் கறுப்பு வரும், அதில் உபதலைப்பைக் கீழ்க்கறுப்புக்குள் போட்டால் முகத்தில் படாது. நிதானமான படம் பிடிக்குமென்றால் கெலி றைக்கார்ட்டின் ‘மீக்ஸ் கட்ஓஃப்’ (2010). அதைப் போடும்போது திரை சதுரமாக இருக்கிறதே என்று யாராவது ரிமோட்டை எடுக்கப் பார்ப்பார்கள். வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அது 1.37இலேயே எடுத்த படம்.